ஆச்சியின் முகமும் எங்கட லப்டொப்பும்

போன வருடம் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சின்ன ஆவணப்படம் எடுத்தோம். 16 நிமிடம் ஓடும். எங்களில் ஒருவனுடைய அம்மம்மா வடமராட்சியில் பனையோலைப் பெட்டி இழைக்கிறவ. சார்வோலை கிழிக்கிறது, சாயம் காய்ச்சுகிறது, கொட்டைப்பெட்டி இழைக்கிறது, இடையில் வெற்றிலை போட்டுக்கொண்டு கதைக்கிறது. படம் அவ்வளவுதான். நாங்கள் எல்லாரும் அவவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவது.

படத்தை முதன்முதலில் ஆச்சியின் ஊர்ச் சனசமூக நிலையத்தில்தான் போட்டோம். இரவல் புரொஜெக்டர், இரவல் திரை, ஒரு நாற்பது சனம். ஆச்சி முன்வரிசையில் கதிரை போட்டு இருந்தா. இரண்டாவது நிமிடத்தில் அவவின் முகம் திரை முழுக்க வருகிற இடம் ஒன்று இருக்கிறது. நாங்கள் நல்லாய் விரும்பி எடுத்த காட்சி. அது வந்ததும் ஆச்சி பக்கத்தில் இருந்த மகளிடம் கேட்டா:

"உது ஆர்?"

சனம் சிரித்தது. நாங்களும் சிரித்தோம். பிறகு ஆச்சி சிரிக்காமல் இன்னொன்று கேட்டா.

"நான் இவ்வளவு கறுப்போ பிள்ளை?"

அதற்குப் பிறகு நாங்கள் படத்தைப் பார்க்கவில்லை. ஆச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். திரையில் இருந்தது உண்மையிலேயே அவவின் முகம் இல்லை. சுட்ட செங்கல் போல ஒரு சிவப்பு. கண்ணுக்குக் கீழும் கன்னத்திலும் கரி அப்பினது போல இருட்டு. சாயம் போட்ட ஓலை நெருப்பு மாதிரி எரிந்தது. மூன்று கிழமையாக லப்டொப்பில் பார்த்துப் பார்த்து நாங்கள் செய்த நிறங்கள் இவை இல்லை.

எல்லாரும் செய்வதுபோல முதலில் புரொஜெக்டரைத் திட்டினோம். அடுத்த நாள் அதே ஃபைலை மூன்று போனிலும் ஒரு வீட்டு ரீவியிலும் போட்டுப் பார்த்தோம். நாலும் நாலு விதமாகத்தான் காட்டின. ஒன்றில் நீலம் கூட, ஒன்றில் எல்லாமே பளிச். ஆனால் ஆச்சியின் முகம் சிவந்து இருண்டு கிடந்ததில் நாலுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வித்தியாசமாகக் காட்டியது எங்கட லப்டொப் மட்டும்தான். அதில் மட்டும் ஆச்சி வடிவாக இருந்தா.

அவசரத்துக்கு ஒரு வேலை பார்த்தோம். முகம் வருகிற காட்சிகளில் வெளிச்சத்தைத் தூக்கினோம், சிவப்பைக் குறைத்தோம், அப்படியே கொஞ்சம் மினுக்கியும் விட்டோம். புதுப் பிரதியை வாட்ஸ்அப்பில் ஆச்சியின் மகளுக்கு அனுப்பினோம். பின்னேரம் வொய்ஸ் மெசேஜ் வந்தது. ஆச்சியின் குரல். "என்ன பிள்ளையள், ஸ்டூடியோக்காரன் மாதிரிப் பவுடர் அப்பி விட்டிருக்கிறியள்?"

முதல் தரம் கரி, இரண்டாம் தரம் பவுடர். இரண்டும் ஆச்சி இல்லை.

எங்களுக்கு அப்போது விளங்காத விசயம் இதுதான். படத்துக்கு நிறம் சரிசெய்கிற ஆள் ஃபைலில் இருக்கிற எண்களைப் பார்த்துச் செய்வதில்லை. திரையைப் பார்த்துத்தான் செய்கிறார். திரை பொய் சொன்னால், அந்தப் பொய்க்கு ஏற்ற எதிர்ப்பொய் ஒன்றை அவருடைய கை தானாகப் படத்துக்குள் எழுதிவிடும். எங்கட லப்டொப் திரையின் வெள்ளை, நீலப் பக்கம் சாய்ந்தது. அதனால் நாங்கள் எல்லாவற்றுக்கும் சூடு ஏற்றினோம். திரையில் சிவப்பு மங்கலாகத் தெரிந்ததால் நிறச் செறிவைக் கூட்டினோம். மூடியைச் சாய்த்து வைத்துப் பார்த்ததில் இருட்டான இடங்கள் வெளிறித் தெரிந்தன, அதனால் நிழல்களைக் கீழே இழுத்தோம். மூன்று திருத்தமும் லப்டொப்பின் குறைக்கு நாங்கள் செய்த வைத்தியம். மருந்து முழுக்க ஆச்சியின் முகத்தில் போய் இறங்கியது.

இதை எங்களுக்குச் சொல்லித் தந்தவர் ரவுணில் கலியாண வீடியோ எடுக்கிற ஒரு அண்ணா. கதையைக் கேட்டுவிட்டு, "முதல்ல திரையை அளவுங்கோ. லட் ஒண்டு செய்து போடுங்கோ. பிறகு படத்தில கை வையுங்கோ" என்றார்.

லட் என்ற சொல்லை யூடியூப்பில் கணக்கக் கேட்டிருக்கிறோம். 'சினிமா லுக்' தருகிறோம் என்று விற்கிற, இலவசமாகக் கொடுக்கிற ஃபைல்கள். போட்டவுடன் எல்லாம் நீலமும் செம்மஞ்சளுமாக மாறும். லட் என்றால் அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தோம். அண்ணா சொன்ன லட் வேறு வேலை செய்கிறது, ஆனால் இரண்டின் உடம்பும் ஒன்றுதான். இரண்டும் அட்டவணைகள்.

கலைப்பீடத்துக்கு வந்த எங்களில் பலர் கணிதத்துக்குப் பயந்து வந்தவர்கள். ஆனாலும் சாதாரண தரத்தில் மடக்கை அட்டவணை பார்த்தது யாருக்கும் மறந்திருக்காது. 3.45 இன் மடக்கை வேண்டும் என்றால் யாரும் கணக்குப் போடுவதில்லை. 34 ஆம் நிரைக்குப் போய், 5 ஆம் நிரலைப் பார்த்து, 0.5378 என்று எடுத்து எழுதுவோம். கணக்கை வேறு யாரோ எப்போதோ போட்டு வைத்துவிட்டார்கள். நாங்கள் பார்த்து எடுக்கிறோம். லட் என்பதும் இதேதான், பார்த்து எடுக்கிற அட்டவணை. இந்த எண் உள்ளே வந்தால் அதற்குப் பதிலாக அந்த எண்ணைத் திரைக்கு அனுப்பு என்று வரிவரியாக எழுதி வைத்த பட்டியல். கணினி ஒவ்வொரு புள்ளிக்கும் புதிதாகக் கணக்குப் போடத் தேவையில்லை.

சாதாரண வீடியோவில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 இலிருந்து 255 வரை. எளிமையான லட், ஒவ்வொரு நிறத்துக்கும் 256 வரி கொண்ட ஒரு பட்டியலை வைத்திருக்கும். மொத்தம் 768 எண்கள். இதை ஒரு பரிமாண லட் என்கிறார்கள். வெள்ளையையும் சாம்பலையும் சமன்படுத்த இது போதும். எங்கட லப்டொப்புக்குப் பிறகு வந்த பட்டியலில் கடைசி வரி கிட்டத்தட்ட இப்படி இருந்தது: சிவப்பு 255 வந்தால் 255, பச்சை 255 வந்தால் 244, நீலம் 255 வந்தால் 221. அதாவது நீலத்தின் வாயைக் கொஞ்சம் பொத்து, பச்சையைச் சற்றே அடக்கு, சிவப்பை அப்படியே விடு.

ஆனால் ஒரு பரிமாணப் பட்டியலுக்கு ஒரு குருட்டுத்தனம் இருக்கிறது. அது சிவப்பைப் பார்க்கும்போது பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று பார்க்காது. திரையில் ஓலையின் சிவப்பு மட்டும் செம்மஞ்சள் பக்கம் சரிந்து, வெள்ளை சரியாக இருந்தால் அதால் ஒன்றும் செய்ய ஏலாது. அதற்கு மூன்று எண்ணையும் ஒன்றாகப் பார்க்கிற முப்பரிமாண லட் வேண்டும். சிக்கல் என்னவென்றால் 256 ஐ மூன்று தரம் பெருக்கினால் 1,67,77,216 வரும். அத்தனை வரியையும் எழுதி வைக்க முடியாது. அதனால் ஒரு கனசதுரத்தைக் கற்பனை செய்து, ஒவ்வொரு பக்கத்திலும் 17 அல்லது 33 புள்ளி மட்டும் எடுக்கிறார்கள். 33 என்றால் மொத்தம் 35,937 வரி. இரண்டு புள்ளிக்கு நடுவில் விழுகிற நிறத்தை என்ன செய்வது? மடக்கை அட்டவணையின் வலது பக்கத்தில் இடை வித்தியாசங்கள் என்று சின்ன நிரல்கள் இருந்தது ஞாபகமோ? 3.456 வேண்டும் என்றால் 0.5378 ஓடு 6 க்குக் கீழே இருக்கிற 8 ஐக் கூட்டி 0.5386 எடுப்போம். இங்கேயும் அதே உத்தி. அயலில் இருக்கிற புள்ளிகளைப் பார்த்து நடுவில் ஒரு பெறுமதியை ஊகித்துக்கொள்கிறது.

ஒரு சனிக்கிழமை அண்ணாவின் அளவுகருவி எங்கட கையில் வந்தது. கலரிமீட்டர் என்று பெயர். கணினி மவுஸ் அளவுதான், கீழே ஒரு கண், ஒரு வயர். திரையின் நடுவில் ஒட்டினாற்போல் தொங்கவிட வேண்டும். அண்ணா சொன்ன ஒழுங்குகள்: லப்டொப்பை அரை மணித்தியாலம் சூடாக விடுங்கோ, அறையை இருட்டாக்குங்கோ, பிரைட்னஸ் தானாக ஏறி இறங்குகிறதை நிறுத்துங்கோ, நைட் லைட்டை நிறுத்துங்கோ. அந்தக் கடைசி விசயத்தில் எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. படத்துக்கு நிறம் செய்த பாதி இரவுகளில் நைட் லைட் போட்டபடிதான் இருந்தது. நீலத் திரை, அதுக்கு மேல் மஞ்சள் வடிகட்டி. எந்த இரவில் எந்தக் காட்சியைச் செய்தோம் என்பதைப் பொறுத்து ஆச்சியின் முகம் மாறியிருக்கிறது.

மென்பொருளுக்குக் காசு இல்லை. டிஸ்பிளேகால் என்று ஒன்று, அது ஆர்கில்சிஎம்எஸ் என்கிற இன்னொரு இலவச மென்பொருளின் மேல் ஓடுகிறது. தொடங்கினால் அது திரையில் ஒவ்வொரு நிறச் சதுரமாகக் காட்டும். கருவி அதை அளந்து எண்ணாகச் சொல்லும். நாங்கள் 35,937 சதுரத்தையும் காட்டப்போகிறது என்று பயந்து சாப்பாட்டுப் பார்சலோடு இருந்தோம். அப்படி இல்லை. சில நூறு சதுரங்களை அளந்து, திரை எப்படி நடந்துகொள்கிறது என்று ஒரு படத்தை அது மனதில் வரைந்துகொள்கிறது. மிச்சத்தைக் கணக்கால் நிரப்பி லட்டை எழுதுகிறது.

அளந்து முடிந்ததும் எங்கட லப்டொப்பின் வைத்திய அறிக்கை வந்தது. வெள்ளை 6500 கெல்வினுக்குக் கிட்ட இருக்க வேண்டும், இங்கே 7400 ஐத் தாண்டியிருந்தது. எண் கூடக்கூட வெள்ளை நீலமாகும். இன்னொன்று காமா. 128 என்பது 255 இல் பாதிதான், ஆனால் திரை பாதி வெளிச்சம் தராது. 2.2 என்ற காமாவில் அது தருவது ஏறக்குறைய 22 வீத வெளிச்சம். எங்கட கண்ணுக்கு அதுதான் நடுச் சாம்பலாகத் தெரியும். எங்கட திரையில் இந்த வளைவின் கீழ்ப்பகுதி தூக்கிக்கொண்டு நின்றது. கறுப்புத் தோல் அதிகமாக வாழ்கிற இடம் அந்தக் கீழ்ப்பகுதிதான். வெள்ளைத் தோலைப் படம் எடுத்திருந்தால் இந்தப் பிழை எங்களுக்கு இவ்வளவு அடித்திருக்காது.

மூன்றாவது விசயம், எஸ்ஆர்ஜிபி என்கிற பொது நிறப்பரப்பில் 62 வீதத்தைத்தான் எங்கட திரையால் காட்ட முடியும். மலிவான லப்டொப் பலதிலும் இதுதான் நிலைமை. விளம்பரத்தில் 45 வீதம் என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால் கிட்டத்தட்ட இதுதான் அர்த்தம். வாங்கும்போது நாங்கள் ராமும் ஹார்ட் டிஸ்க்கும்தான் பார்த்தோம்.

லட்டைப் போட்டதும் திரை மஞ்சளாகப் போனது. பிழைத்துவிட்டது என்றே நினைத்தோம். கால் மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருக்க, அது வெள்ளையாகிவிட்டது. மாறியது எங்கட கண். இரண்டு வருடம் நீல வெள்ளைக்குப் பழகிய கண்ணுக்குச் சரியான வெள்ளை மஞ்சளாகத் தெரிந்திருக்கிறது. பிறகு பழைய படத்தைத் திறந்தோம். செங்கல் முகம், கரி, எரிகிற ஓலை. சனசமூக நிலையத்தில் ஆச்சி பார்த்ததை அன்றைக்குத்தான் எங்கட லப்டொப்பில் நாங்கள் பார்த்தோம். கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

அடுத்து நாங்கள் விட்ட பிழையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வாசிக்கிற யாராவது அதையே விடலாம். படத்தை முதலிலிருந்து நிறம் செய்தோம். டாவின்சி ரிசோல்வில் லட் போடுவதற்குப் பல இடம் இருக்கிறது. நாங்கள் அதை அவுட்புட் லட் என்ற இடத்தில் போட்டோம். திரையில் எல்லாம் அழகாக இருந்தது. எக்ஸ்போர்ட் செய்து போனில் பார்த்தால் படம் முழுக்கக் காமாலை. ஆச்சி, ஓலை, கிணற்றடி, வானம் எல்லாம் மஞ்சள். இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துவிட்டு அண்ணாவிடம் போனோம். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "கண்ணாடி போட வேண்டியது உங்களுக்கு. நீங்கள் அதைக் கழட்டி ஆச்சிக்குப் போட்டிட்டியள்."

அவுட்புட்டில் போட்டால் லட் படத்துக்குள் நிரந்தரமாக வெந்துவிடும். திரையைத் திருத்துகிற லட் பார்க்கிற பாதையில் மட்டும் இருக்க வேண்டும். ரிசோல்வில் கலர் வியூவர், வீடியோ மொனிட்டர் என்று அதற்கென்றே தனி இடங்கள் இருக்கின்றன. அங்கே போட்டால் எங்கட கண்ணுக்கு வரும்போது திருத்தும், படத்தைத் தொடாது. ஒரு திரைக்குச் செய்த லட் இன்னொரு திரைக்கு உதவாது என்பதும் இதனால்தான். எங்கட ஃபைலைக் கேட்ட ஒரு நண்பனுக்கும் கொடுக்கவில்லை. அதே மொடல் லப்டொப் என்றாலும் ஒவ்வொரு திரையும் வேறு. திரைக்கு வயது போகப் போக நிறம் மாறுவதால் அவ்வப்போது திரும்ப அளக்கவும் வேண்டும்.

இவ்வளவும் படித்தபோது எங்களுக்கு இயல்பாக ஒரு கேள்வி வந்தது. சரியான நிறம் என்று இந்தக் கருவி எதை வைத்துச் சொல்லுது? யாருடைய கண்ணுக்குச் சரி? தேடிப் பார்த்தோம். நிறத்தை அளக்கிற முறை 1931 இல் சிஐஈ என்கிற சர்வதேச ஒளியியல் ஆணைக்குழு வகுத்தது. அதற்கு அடிப்படையாக இருந்தவை 1920களின் கடைசியில் இங்கிலாந்தில் நடந்த இரண்டு பரிசோதனைகள். டேவிட் ரைட் 10 பேரின் கண்ணைச் சோதித்தார், ஜோன் கில்ட் 7 பேரின் கண்ணை. அந்த 17 பேரின் சராசரிதான் உலகத்தின் 'நியம நோக்குநர்'. எங்கட கலரிமீட்டருக்குள் இருப்பதும் அந்தக் கண்தான்.

இன்னொரு கதை கொடாக் கம்பனியின் ஷேர்லி அட்டை. 1950களிலிருந்து படம் கழுவுகிற இடங்களுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை மாதிரியாக அனுப்பினார்கள். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. கறுப்புத் தோல் சேறாக வந்தால் அது இயந்திரத்தின் பிழையாகக் கணக்கில் எடுக்கப்படவில்லை. கனடாவின் லோர்னா ரொத் 2009 இல் இதைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஒரு விசயம் வருகிறது. கடும் நிறங்களைப் படச்சுருள் சரியாகப் பதியவில்லை என்று கம்பனியை அசைத்த முறைப்பாடுகள் சொக்லேட் செய்பவர்களிடமிருந்தும் மரத் தளபாடம் செய்பவர்களிடமிருந்தும் வந்தவையாம். பல நிறத்துப் பெண்கள் இருக்கிற அட்டை 1990களில்தான் வந்தது.

இதை வாசித்ததும் எங்களுக்கு ஒரு சுகமான முடிவு கிடைத்தது. தொழில்நுட்பமே வெள்ளைக்காரருக்கு, நாங்கள் பாவம், ஆச்சியும் பாவம். அந்த முடிவோடு கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது எங்களை அப்படி எழுத விடவில்லை.

லட்டைச் சரியான இடத்தில் போட்டு, மூன்றாம் தரம் முதலிலிருந்து நிறம் செய்யத் தொடங்கினோம். இந்தத் தரம் திரை உண்மை சொல்லுது. வெக்டர்ஸ்கோப் என்ற அளவுகாட்டியைப் பார்க்கவும் பழகியிருந்தோம். அது திரையை நம்பாமல் படத்தின் எண்களையே வரைந்து காட்டும். அதில் தோலுக்கென்று ஒரு கோடு இருக்கிறது. கறுப்போ வெள்ளையோ, மனிதத் தோல் எல்லாம் ஏறத்தாழ அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் வந்து விழும். வேறுபடுவது வெளிச்சமும் செறிவும்தான். ஆச்சியின் முகம் அந்தக் கோட்டில் வடிவாக வந்து இருந்தது. எல்லாம் சரி. அப்போது எடிட்டிங்கில் இருந்தவன் மவுஸைப் பிடித்து முகத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே தூக்கினான்.

"ஏன் தூக்கிறாய்?"

"கொஞ்சம்தானே. பளிச்செண்டு இருக்கும்."

"திரை இப்ப சரி. முகமும் சரி. பிறகென்னத்துக்கு?"

அவனிடம் பதில் இல்லை. எங்களிடமும் இல்லை, ஏனென்றால் அவன் தூக்கியபோது எங்கள் எல்லாருக்கும் அது பிடித்திருந்தது. இரண்டாவது பிரதியில் பவுடர் அப்பியபோதும் லப்டொப்தான் பிழை என்று சொல்லித் தப்பினோம். இப்போது சொல்ல லப்டொப் இல்லை. இயந்திரத்தின் பிழையை அளந்து கழித்த பிறகும் அந்தக் கை மேலே போகிறது என்றால், மிச்சம் எங்கட பிழை.

எங்களில் ஒருத்தி அப்போது தன் சாமத்தியவீட்டு அல்பத்தைப் பற்றிச் சொன்னாள். அதில் முகம் மட்டும் இரண்டு மூன்று படி வெள்ளை. கழுத்துக்குக் கீழும் கையும் அவளுடைய சொந்த நிறம். வீட்டுக்கு வருகிற ஆட்கள் அல்பத்தைப் பார்த்து, "படத்தில நல்ல வடிவா இருக்கிறாய்" என்பார்களாம். பதின்மூன்று வயதில் அவள் அந்த வசனத்தில் 'படத்தில' என்ற சொல்லைத்தான் கேட்டிருக்கிறாள். "எனக்கு ஆரும் கறுப்பு வடிவில்லை எண்டு சொன்னதில்லை. அல்பம் சொன்னது காணும்" என்றாள். நாங்கள் அவளை மூன்று வருடமாகத் தெரிந்தவர்கள். இதை அன்றைக்குத்தான் கேட்டோம்.

அதற்குப் பிறகு விவாதம் நடந்தது. சிலருக்கு இன்னும் சந்தேகம். கமரா ஒன்றும் கண் மாதிரிப் பார்ப்பதில்லை, நிறம் செய்வதே ஒரு தெரிவுதான், அப்படியென்றால் கொஞ்சம் தூக்குவதும் தெரிவுதானே என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. பின்னேர வெயிலுக்குச் சூடு ஏற்றுகிறோம், இரவுக் காட்சிக்கு நீலம் சேர்க்கிறோம், அதெல்லாம் பொய் என்று யாரும் சொல்வதில்லை. கடைசியில் ஒரு விதி வைத்துக்கொண்டோம். ஒளிக்கு என்ன வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் அது அந்தக் காட்சியில் இருக்கிற எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஆச்சியின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து வெளுக்கக் கூடாது. கையும் முகமும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும். பெட்டி இழைக்கிற படத்தில் கைதானே முக்கியம்.

படத்தை முடித்து லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஆச்சி வீட்டுக்குப் போனோம். வெயில் தாழ்ந்த பிறகு, விறாந்தையில், வெளிச்சம் திரையில் நேரே விழாத மூலையில் வைத்தோம். மூடியை நேராக நிமிர்த்தி, ஆச்சியை நடுவில் இருத்தினோம். முகம் வருகிற இடம் வந்தபோது நாங்கள் ஐந்து பேரும் மூச்சு விடவில்லை. ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காட்சி போய்விட்டது. திரையில் சாயம் காய்ச்சுகிற கட்டம் வந்தது, பிறகு காய்ந்த ஓலைகளைக் கட்டாக அடுக்குகிற கட்டம். அங்கேதான் ஆச்சி கையை நீட்டினா.

"நிப்பாட்டு. உந்தப் பச்சை பிழை."

எழும்பி உள்ளே போய் அதே பச்சை ஓலை கலந்து இழைத்த கொட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து லப்டொப்புக்குப் பக்கத்தில் வைத்தா. சந்தேகமே இல்லை. பெட்டியின் பச்சை ஆழமாக, நீலம் ஓடின பச்சை. திரையில் இருந்தது வெளிறின இலைப் பச்சை. எங்களுக்குக் காரணம் தெரியும். அந்தப் பச்சை எங்கட திரையின் 62 வீதத்துக்கு வெளியே இருக்கிறது. லட் அதற்குப் பக்கத்தில் இருக்கிற, திரையால் காட்டக்கூடிய ஒரு பச்சையை எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். இல்லாத நிறத்தை எந்த அட்டவணையாலும் வரவழைக்க முடியாது. இதை ஆச்சிக்கு விளங்கப்படுத்தப் பார்த்தோம். மூன்று நாள் ஓலையைச் சாயத்தில் போட்டு எடுத்த மனிசிக்கு, திரையில் அந்தப் பச்சை இல்லை என்பது ஒரு காரணமாகவே படவில்லை.

"அப்ப நல்ல திரை ஒண்டில பாத்துச் செய்யுங்கோவன்" என்றா.

உங்களில் யாராவது போனிலோ லப்டொப்பிலோ படம் செய்கிறவர்கள் என்றால், கருவி கிடைக்கும் வரைக்கும் காசில்லாமல் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. நைட் லைட்டையும் தானியங்கி பிரைட்னஸையும் நிறுத்துங்கள். போனில் 'விவிட்' இல் இருந்தால் இயல்பு நிறத்துக்கு மாற்றுங்கள். திரையில் எஸ்ஆர்ஜிபி என்ற தெரிவு இருந்தால் அதைப் போடுங்கள். காட்சி எடுக்கத் தொடங்கும்போது ஆளின் கையில் ஒரு சாம்பல் அட்டையைக் கொடுத்து ஒரு நொடி எடுத்து வையுங்கள். வெக்டர்ஸ்கோப்பைப் பார்க்கப் பழகுங்கள், அதற்கு நல்ல திரை தேவையில்லை. முடித்ததை வெளியிட முதல், நாலைந்து திரையில் போட்டுப் பாருங்கள். படத்தில் இருக்கிற ஆளுக்கும் காட்டுங்கள்.

அண்ணாவிடம் நல்ல மொனிட்டர் ஒன்று இருக்கிறது. அடுத்த மாதம் கலியாண முகூர்த்தங்கள் குறைந்த பிறகு இரண்டு நாள் தருகிறேன் என்றிருக்கிறார். அதையும் அளந்து அதற்கென்று ஒரு லட் செய்ய வேண்டும். ஆச்சி தந்த கொட்டைப்பெட்டி இப்போது விடுதி அறை மேசையில், லப்டொப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே போகும்போது அதையும் கொண்டுபோகிறோம்.